பழைய பாடல் திரும்பி வருமுன் பார்த்துவைக்க வேண்டிய காகிதங்கள்

1987இல் ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்தில் ஒலித்ததைத் தொடர்ந்து, நினா சிமோன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பதிவு செய்திருந்த ‘மை பேபி ஜஸ்ட் கேர்ஸ் ஃபார் மீ’ பிரிட்டனில் சிங்கிளாக மறுபடி வெளிவந்து, தரவரிசையில் 5ஆம் இடம் வரை ஏறியது. ஆனால் அந்தப் பதிவின் உரிமையை இளவயதிலேயே சுமார் 3,000 டாலருக்கு அவர் மொத்தமாக எழுதிக் கொடுத்திருந்தார். பாட்டு ஈட்டிய பணம் வேறு கைகளுக்குப் போயிற்று. 2022இல் கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’, ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் நான்காவது சீசனில் இடம்பெற்றது. 1985இல் 3ஆம் இடத்தோடு நின்றுபோன அந்தப் பாடல் 37 ஆண்டுகள் கழித்துப் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தபோது, அதை எழுதியவர், தயாரித்தவர், ஒலிப்பதிவின் உரிமையாளர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருந்தார்: கேட் புஷ்.

இசைக் கலைஞர்களின் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வதும் ராயல்டி கணக்குகளைச் சரிபார்ப்பதும் என் தொழில். பழைய பாடல் ஒன்று திடீரென்று ஓடத் தொடங்கிய பிறகு என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, “எனக்கு எவ்வளவு வரும்?” என்பதுதான். அந்தக் கேள்விக்கான விடை பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிக் கையெழுத்திடப்பட்டுவிட்டது என்பதையும், அதில் இன்னும் திருத்தக்கூடிய பகுதிகளைப் பாடல் திரும்பி வருவதற்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஒரு பாடல் திரும்பி வர வேண்டுமானால் யாராவது ஒருவர் அதைத் திரும்பக் கொண்டுவரத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பீட்டில்ஸின் ‘லவ் மீ டூ’ 1962இல் 17ஆம் இடத்தைத்தான் தொட்டது. இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி 1982இல் நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டபோது 4ஆம் இடத்துக்குப் போயிற்று. லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரங்கள் இதையே ஒரு முறையாக மாற்றின. பென் ஈ. கிங்கின் 1961ஆம் ஆண்டுப் பாடலான ‘ஸ்டாண்ட் பை மீ’ 1987இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தபோது, அதே விளம்பர வரிசையில் வந்த பெர்சி ஸ்லெட்ஜின் பாடல் 2ஆம் இடத்தில் இருந்தது. தி கிளாஷ் குழுவின் ‘ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ’ 1991இல் அதே வழியில் முதலிடத்துக்கு வந்தது. இவற்றுக்கெல்லாம் புதிதாகத் தட்டுகள் அச்சிடப்பட்டன, உறைகள் தயாராயின, கடைகளுக்கு அனுப்பப்பட்டன. கலைஞருக்கோ அவருடைய மேலாளருக்கோ செய்தி எட்டுவதற்கும், பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பதற்கும் அந்த வேலைகள் நடக்கும் சில வாரங்களாவது கிடைத்தன.

இன்று அந்த இடைவெளி இல்லை. தட்டாக வெளிவராத பாடலும் டிஜிட்டல் விற்பனையை மட்டும் கொண்டு தரவரிசையில் நுழையலாம் என்று பிரிட்டன் 2007இல் விதியை மாற்றியது; 2014இல் ஸ்ட்ரீமிங்கும் கணக்கில் சேர்ந்தது. அதன் பிறகு பழைய பாடல் எதுவும் கடையை விட்டுப் போவதே இல்லை என்றாகிவிட்டது. 1977ஆம் ஆண்டைச் சேர்ந்த ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ட்ரீம்ஸ்’, ஒருவர் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே பதிவு செய்த சிறு டிக்டாக் காணொளியால் 2020இல் அமெரிக்கத் தரவரிசைக்குத் திரும்பியது. சோஃபி எல்லிஸ்-பெக்ஸ்டரின் ‘மர்டர் ஆன் தி டான்ஸ்ஃப்ளோர்’ 2001இல் எட்டிய அதே 2ஆம் இடத்தை, ‘சால்ட்பர்ன்’ படத்துக்குப் பிறகு 2024 ஜனவரியில் மறுபடி எட்டியது. இப்போது மறுவெளியீடு என்பது, பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு நிறுவனம் அவசரமாகச் சேர்க்கும் புதிய அட்டைப்படமும் வேகம் கூட்டிய ஒரு வடிவமும்தான். சம்பந்தப்பட்ட கலைஞர் பலமுறை தம் உறவினரின் தொலைபேசி அழைப்பு மூலமாகத்தான் செய்தியை அறிகிறார்.

தரவரிசை அமைப்புகளும் இதற்கேற்ப விதிகளை வகுத்திருக்கின்றன. பிரிட்டனில் ஒரு பாடல் பழையதாகி, கேட்கப்படும் அளவு தொடர்ந்து இறங்கினால், ஒரு விற்பனைக்குச் சமமாக எண்ணப்படுவதற்கு அதற்கு இருமடங்கு ஸ்ட்ரீம்கள் தேவைப்படும். கேட் புஷ்ஷின் பாடலுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்ட பிறகே அது முதலிடத்துக்குப் போயிற்று. நிறுவனம் இத்தகைய விலக்கைக் கேட்குமா, எப்போது கேட்கும் என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை கலைஞருக்கும் உண்டு. தயங்காமல் கேட்க வேண்டும்.

இனி காகிதங்களுக்கு வருகிறேன். ஒவ்வொரு பாடலிலும் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. சொல்லும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதை ஒருவர் ஒரு நாள் பாடிப் பதிவான ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், மற்றொன்று. இரண்டுக்கும் உரிமையாளர்கள் வேறு, பணம் வசூலிக்கும் சங்கங்கள் வேறு, உரிமை முடியும் காலமும் வேறு. திரைப்படத்திலோ விளம்பரத்திலோ பாடலைச் சேர்க்க விரும்புபவர் இரு தரப்பிடமும் தனித்தனியே அனுமதி பெற வேண்டும். பாடியவர் எழுதியவராகவும் இருந்தால் மாஸ்டர் கையை விட்டுப் போயிருந்தாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. வெறுமனே பாடியவருக்கு மாஸ்டர் ஒப்பந்தம் ஒன்றே பிடி. இந்த வேறுபாட்டை அறியாமலேயே நெடுங்காலம் மேடையேறியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அது அவர்களுடைய குறை என்று எனக்குத் தோன்றவில்லை. விளக்கிச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

மாஸ்டர் ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது ராயல்டி விகிதத்தை அல்ல, கழிவுகளை. 1960, 1970களின் ஒப்பந்தங்களில் விகிதமே குறைவு. அதிலிருந்து உறைக்கும், உடையும் தட்டுகளுக்கும் என்று ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும் வாசகங்கள் சாதாரணமாக இருந்தன. உறையும் இல்லாத, உடைவதற்கு எதுவும் இல்லாத ஸ்ட்ரீமிங் வருமானத்திலும் அந்த வாசகத்தைக் காட்டிக் கழிக்கும் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். எழுத்து மூலம் கேள்வி எழுப்பினால் பல நிறுவனங்கள் திருத்திக்கொள்கின்றன. கேட்காதவருக்கு அது திருத்தப்படுவதில்லை.

அடுத்தது முன்பணம். பதிவுச் செலவும் முன்பணமும் ராயல்டியிலிருந்து மீளும் வரை கலைஞருக்கு ஒன்றும் வராது என்பது இத்தொழிலின் பழைய ஏற்பாடு. மீளாத பாக்கி பல பத்தாண்டுகளாகக் கணக்கில் நிற்க, பாடல் திரும்பி வந்து ஈட்டும் பணம் முழுவதும் அந்தப் பாக்கியிலேயே கரைந்துவிடலாம். 2021இல் சோனியும், 2022இல் வார்னரும் யுனிவர்சலும், 2000க்கு முன்பு ஒப்பந்தமான தகுதியுள்ள கலைஞர்களின் பழைய பாக்கியைப் பொருட்படுத்தாமல் ராயல்டி கொடுப்பதாக அறிவித்தன. இது நல்ல மாற்றம். ஆனால் உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை நீங்களே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். முகவரி மாறிப்போன கலைஞரைத் தேடிக்கொண்டு யாரும் வருவதில்லை.

சட்டம் தானாகவே சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது, அவற்றைப் பயன்படுத்துபவர்கள்தாம் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஆணைப்படி ஒலிப்பதிவுகளின் பாதுகாப்புக் காலம் 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆக உயர்ந்தது. பிரிட்டனும் 2013இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. (அதற்குள் காலாவதியாகிவிட்டதால், மேலே சொன்ன ‘லவ் மீ டூ’வின் 1962ஆம் ஆண்டுப் பதிவுக்கு அந்த நீட்டிப்பு கிடைக்கவில்லை.) நீட்டிக்கப்பட்ட இருபது ஆண்டுகளில் பழைய முன்பணத்தை ராயல்டியிலிருந்து கழிக்கக் கூடாது. ஒருமுறைக் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு வாசித்துப்போன துணைக் கலைஞர்களுக்காக, விற்பனை வருமானத்தில் 20 விழுக்காட்டை நிறுவனம் ஒதுக்க வேண்டும். பதிவை நிறுவனம் விற்பனைக்கு வைக்காமல் முடக்கி வைத்திருந்தால், அறிவிப்பு கொடுத்து உரிமை மாற்றத்தையே கலைஞர் முறித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில், 1978 முதல் படைப்பாளி தாமே எழுதிக் கொடுத்த உரிமையை 35 ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பெற வழி உண்டு. முறிக்கும் நாளுக்கு இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமலும் பத்து ஆண்டுகளுக்கு மிகாமலும் முன்னதாக அறிவிப்பு போக வேண்டும். பாடலாசிரியர்களுக்கு இது நன்றாகவே உதவுகிறது. ஒலிப்பதிவுகளில், அவை கூலிக்குச் செய்த வேலை, எனவே தொடக்கத்திலிருந்தே தங்களுடையவை என்று நிறுவனங்கள் வாதிடுவதால், வழக்குக்குத் தயாராக இருக்க வேண்டும்.

துணைக் கலைஞர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ 1967இல் வெளிவந்தது. அதன் ஆர்கன் இசையை அமைத்த மாத்யூ ஃபிஷர் 2005இல்தான் வழக்குத் தொடுத்தார். 2009இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை, இசைப் பதிப்புரிமையில் அவருக்கு 40 விழுக்காடு உண்டு என்பதை உறுதிசெய்தது. தாமதம் உரிமையை அழிக்கவில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆனால் முந்தைய 38 ஆண்டுகளின் வருமானம் அவருக்குக் கிடைக்கவில்லை. எனவே வாசித்தவர்கள், பின்னணி பாடியவர்கள், மெட்டுக்குப் பங்களித்தவர்கள் யாராக இருந்தாலும், பதிவு நாள், அரங்கம், உடனிருந்தவர்கள் ஆகிய விவரங்களை நினைவிருக்கும்போதே எழுதி வைத்து, உறுப்பினராகச் சேரக்கூடிய சங்கத்தில் அந்தப் பதிவுக்கு எதிரே தம் பெயரைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டிஜிட்டல் வானொலிக்கான பணத்தைப் பகிர்ந்தளிக்கும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அமைப்பு, 50 விழுக்காட்டைப் பதிவின் உரிமையாளருக்கும், 45 விழுக்காட்டை முதன்மைக் கலைஞருக்கும், 5 விழுக்காட்டைத் துணைக் கலைஞர்களுக்கும் ஒதுக்குகிறது. பாடல் திரும்பி ஓடும்போது அந்த 5 விழுக்காடும் கணிசமான தொகைதான்.

அடையாள எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு உண்டு. அதே பதிவை மாற்றமின்றி மறுபடி வெளியிட்டால் பழைய குறியீடே தொடர வேண்டும். ரீமாஸ்டர் செய்து சீரமைத்தாலோ நீளத்தை மாற்றினாலோ புதிய குறியீடு வேண்டும். நடைமுறையில் ஒரே பாடல் மூன்று தொகுப்புகளிலும் ஒரு ரீமாஸ்டரிலுமாகப் பல குறியீடுகளோடு கிடக்க, கலைஞரின் பெயர் அவற்றில் ஒன்றில் மட்டும் பதிவாகியிருக்கும். மக்கள் கேட்பது பெரும்பாலும் இன்னொன்றை. நான் செய்யும் சரிபார்ப்புகளில் மிகவும் எளிதாகத் தீர்வதும், தீர்ந்தவுடன் பணம் வருவதும் இந்தக் குழப்பத்தில்தான்.

மாஸ்டரை இழந்தவர் அதே பாடலை மறுபடி பாடிப் பதிவு செய்வது ஒரு வழி. டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் தம் பழைய ஆல்பங்களை அப்படி வெளியிட்டதால் இது பலருக்கும் தெரிந்துவிட்டது. மறுபதிவுக்கு ஒப்பந்தம் எத்தனை ஆண்டு தடை விதிக்கிறது என்று பார்த்தபின் இறங்க வேண்டும். அது முடிந்திருந்தால், படத்துக்கோ விளம்பரத்துக்கோ அனுமதி கேட்டு வருபவரிடம் காட்டுவதற்குக் கையில் ஒரு பதிவாவது இருக்கும்.

ஜாக்கி வில்சன் 1984 ஜனவரியில் இறந்தார்; அவருடைய 1957ஆம் ஆண்டுப் பாடலான ‘ரீட் பெட்டீட்’ களிமண் அசைபடக் காணொளி ஒன்றின் வழியே பரவி, 1986 கிறிஸ்துமஸின்போது பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. பாடல் திரும்பி வரும் நாளில் கலைஞர் உயிரோடு இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. உயிலில் மாஸ்டர், படைப்பு ஆகிய இரண்டு சொத்துகளையும், அவற்றோடு பாடியவர், வாசித்தவர் என்ற முறையில் வரும் நிகழ்த்துநர் உரிமையையும் தனித்தனியே குறிப்பிட்டு, சங்கங்களில் வாரிசின் பெயரையும் வங்கி விவரத்தையும் புதுப்பித்து வைக்க வேண்டும்.

கடைசியாகக் கெடு. பெரும்பாலான ஒப்பந்தங்கள் ராயல்டி அறிக்கையை மறுத்துக் கேட்பதற்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளையே அனுமதிக்கின்றன. அதற்குள் எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால் அறிக்கை ஏற்கப்பட்டதாகிவிடும். பாடல் ஓடும் மகிழ்ச்சியில் வந்து சேரும் முதல் அறிக்கையின் தேதியைக் குறித்துக்கொண்டு, கணக்கைத் தணிக்கை செய்ய உரிமை தரும் ஒப்பந்தப் பிரிவைச் சுட்டி நிறுவனத்துக்கு ஒரு கடிதத்தை அப்போதே அனுப்பிவிட வேண்டும்.