பாலிமர்: பால்மரமா, பலபடியா?

வேதியியல் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுரைக்கான அறிவிப்பைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. தலைப்பு 'பயோஇன்ஸ்பயர்ட் பாலிமர்'. வாய்விட்டுப் படித்தேன். ஒரு காலத்தில் ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டி, "பால்மரமா?" என்று கேட்டார்.

சொல்லாராய்ச்சியில் அது பிழை. வேதியியலில் பிழையே இல்லை. சிறு அலகுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்த பொருளே பாலிமர்; ரப்பரும் பாலிமர்தான். 1877இல் அதன் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேரும் முன்பே, இங்கிருந்து இன்னொரு மரத்துப் பால் லண்டனுக்குப் போயிருந்தது: குட்டா பெர்ச்சா. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது அதுதான். இரண்டுக்கும் அடிப்படை அலகு ஐசோப்பிரீன் என்ற சிறு மூலக்கூறு. அலகுகள் கோத்துக்கொள்ளும் விதம் மாறுவதால் ஒன்று இழுத்தால் நீள்கிறது, மற்றொன்று விறைத்து நிற்கிறது.

சொல் கிரேக்கம். 'போலி' என்றால் பல (நம் போலி அன்று), 'மெரோஸ்' என்றால் பகுதி. 1833இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது நீண்ட சங்கிலி எதுவும் அவர் மனத்தில் இல்லை. எத்திலீன், பியூட்டிலீன் என்னும் இரு வாயுக்களிலும் கார்பன் ஒன்றுக்கு ஹைட்ரஜன் இரண்டு. ஆனால் பின்னது இருமடங்கு எடை. இப்படி விகிதம் ஒன்றாகவும் எடை மடங்காகவும் இருப்பவற்றையே அவர் அப்படி அழைத்தார். நீண்ட சங்கிலி என்ற கருத்தை 1920இல் முன்வைத்தவர் ஜெர்மானியரான ஸ்டாடிங்கர். சக வேதியியலாளர் பலர் ஏற்க மறுத்தனர். நோபல் பரிசு 1953இல்தான் வந்தது.

தமிழில் என்ன சொல்வது? இலங்கையில் 'பல்பகுதியம்', கிரேக்கத்துக்கு மிக நெருக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'பலபடி'. 'பல்லுறுப்பி'யும் உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் என்பதால் இவற்றுள் எதுவும் நம் நாவில் ஊறவில்லை.

நான் பலபடியின் பக்கம். 'பலபடியாகப் பேசினான்' என்பதோடு குழம்பும் என்பார்கள், குழம்பட்டும். படி என்பது அளவை: ஒரு படி அரிசி, இரண்டு படி அரிசி. பொருள் அதே, அளவு மடங்கு. பெர்சீலியஸ் சொன்னது இதைத்தான். படி என்பது நகலும்கூட: ஒரே அலகின் பல படிகள் கோத்த சங்கிலி, ஸ்டாடிங்கர் சொன்னது அது. கிரேக்கச் சொல்லிலேயே இந்த இரட்டைப் பொருத்தம் இல்லை.

சிக்கல் 'பயோஇன்ஸ்பயர்ட்' என்ற முன்னொட்டில் இருந்தது. 'உயிரிப் பலபடி' என்றால் உயிரினத்திலிருந்து எடுத்தது என்றாகிவிடும். பாட்டியின் பால்மரம் அந்த வகை. இங்கே கருத்து வேறு: உயிரினத்தின் உத்தியைக் கற்றுச் செய்வது. ஜொகூர் நீரிணையில் வளர்க்கும் பச்சைச் சிப்பியைப் பாருங்கள். அலையடிக்கும் ஈரத்திலும் கயிற்றை விடாமல் பற்றுகிறது. அதன் இழைப் புரதங்களிலுள்ள 'டோப்பா' என்ற அமினோ அமிலத்துக்கு அதில் பெரும்பங்கு. அந்த உத்தியைக் கற்று, அதை ஒத்த டோப்பமைன் மூலக்கூறால் ஏறக்குறைய எந்தப் பரப்பிலும் ஒட்டும் மேற்பூச்சை உருவாக்கிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. அதற்குச் சிப்பியே தேவைப்படவில்லை.

ஆகவே கூட்டுச்சொல் ஆசையை விட்டேன். அறிவிப்பில் 'உயிரினங்களிடம் கற்ற பலபடிகள்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'பாலிமர்' என்று சேர்த்து அனுப்பினேன்.