மலையடியில் கல்குவாரி வருகிறதா? கருத்துக்கேட்புக்கு முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் கருங்கல், கிராவல் போன்ற சிறுகனிமங்களுக்கு 1959ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் பொருந்தும். குத்தகை கிடைத்தாலும், மத்திய அரசின் 2006 அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் பாறையை உடைக்க முடியாது. ஊர் மக்களுக்குச் சட்டப்படி இடம் கிடைப்பது இந்த அனுமதிக் கட்டத்தில்தான்.

முதலில் பரப்பைப் பாருங்கள். 5 ஹெக்டேர் வரையிலான தனிக் குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் இல்லை. ஆனால் 500 மீட்டருக்குள் வேறு குவாரிகள் இருந்து, எல்லாம் சேர்ந்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் அது தொகுப்பு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் கருத்துக்கேட்புக் கூட்டமும் கட்டாயம். இந்தத் தூரம் எல்லைக்கு எல்லை அளக்கப்படுவது, நடுப்புள்ளியிலிருந்து அல்ல. பக்கத்துக் குவாரி விடுபட்டால் கூட்டமே நடக்காமல் அனுமதி போய்விடும். மூன்றாண்டுக்கு மேல் இயங்காத குத்தகையும், சில பழைய குத்தகைகளும் கணக்கில் சேராது. எனவே ஒவ்வொரு குவாரியின் புல எண், பரப்பு, குத்தகைத் தேதியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டு வாங்குங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு; கூட்ட அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் காலம் போதாது.

கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். தமிழ் நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் வர வேண்டும். கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும், முழு வரைவு ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும். சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்: விடுபட்ட ஓடை, கண்மாய், வழிபாட்டுப் பாறை எல்லாம் முழு வரைவின் வரைபடத்தில்தான் தெரியும். நேரில் பேசுவதோடு எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்டம் முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படிக்க வேண்டும். நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால் அங்கேயே எழுந்து கேளுங்கள். ‘குவாரி வேண்டாம்’ என்ற ஒற்றை வரி, அனுமதி விண்ணப்பத்தை ஆராயும் மதிப்பீட்டுக் குழுவிடம் எடுபடாது. ‘இந்தப் புல எண்ணில் உள்ள ஓடை வரைபடத்தில் இல்லை’ என்றால் அதற்கு விளக்கம் தந்தாக வேண்டும்.

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக்கூடாது. வருவாய்ப் பதிவேட்டில் உள்ள நத்தமும், அங்கீகாரம் பெற்ற மனைகளும்தான் இங்கே குடியிருப்பு. தோட்டத்துக்குள் அங்கீகாரமின்றிக் கட்டிய வீடு கணக்கில் வராது. நிறைய மனுக்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

அனுமதி வந்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். அதைத் தாண்டினால் வழியில்லை.

விதியே போதாத இடமும் உண்டு. 2021 நவம்பரில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம் ஆகியவற்றோடு காப்புக்காட்டைச் சுற்றியும் 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது எனச் சிறுகனிமச் சலுகை விதிகளில் விதி 36 திருத்தப்பட்டது. 2022 டிசம்பரில் காப்புக்காடு மட்டும் நீக்கப்பட்டது. சரணாலயமாக அறிவிக்கப்படாத எத்தனையோ மலைச்சரிவுகளுக்கு இருந்த பெரிய பாதுகாப்பு அது. நீக்கியது தவறு என்றே சொல்வோம். சிறுகனிம விதிகளைச் செய்யும் அதிகாரத்தை மத்திய அரசின் 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 15ஆம் பிரிவு மாநிலத்துக்கே தருகிறது. ஆகவே டெல்லிக்குப் போக வேண்டாம். ஓர் அரசாணையில் அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்க்கலாம். கிராமசபைத் தீர்மானம் குவாரியைத் தானாக நிறுத்தாது. ஆனால் ‘விதி 36இல் காப்புக்காட்டைச் சேர்க்க வேண்டும்’ என்று குறிப்பாக எழுதி, ஊர் எல்லையிலுள்ள காட்டின் பெயரோடு நிறைவேற்றி, இயற்கை வளங்கள் துறைச் செயலருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.