சாம்பார் வாளியை முதலில் கீழே வை

மதுரையில் நான் சூப்பர்வைசராக இருந்த ஒரு சைவ ஓட்டலில், ஓர் ஆயுத பூசை விடுமுறைக் காலை. மணி ஒன்பது. ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் இடம் பிடிக்க ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வேலையில் சேர்ந்து 11 நாளே ஆன ஒரு பையன், 19 வயதிருக்கும், சாம்பார் வாளியோடு இரண்டு மேசைகளுக்கு நடுவே திரும்பினான். யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். ஒரு கரண்டிச் சாம்பார், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

அவர் எழுந்து கத்தினார். கையைக்கூட ஓங்கினார். பையன் அசையவில்லை. வாளியின் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. இன்னொரு கையின் கட்டைவிரல் விளிம்பைத் தாண்டிச் சூடான சாம்பாரில் பட்டுக்கொண்டிருந்தது. அது சுடுவதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. நான் கல்லாவிலிருந்து ஓடினேன். ஓடிப் போய்ச் செய்த முதல் வேலை, வாடிக்கையாளரின் கோபத்தைத் தணிப்பதற்காக அத்தனை பேர் முன்னிலையிலும் அந்தப் பையனைத் திட்டியது. அப்போது எங்கள் மூத்த சப்ளையர் ஒருவர் வந்தார். "விடு தம்பி, விடு" என்று சொல்லியபடியே அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாளியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அவன் வரவில்லை. 11 நாள் சம்பளத்தையும் கேட்டு வரவில்லை. அவன் ஊர்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பணத்தைக் கொடுத்தனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்று மட்டும் தெரிந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்து 23 ஆண்டுகள் ஆகின்றன. மேசை துடைக்கத் தொடங்கி, இன்று ஓட்டல்களுக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கும் வேலை செய்கிறேன். அந்தக் காலையில் தவறு செய்தவன் நான். அந்தப் பெரியவர் செய்ததுதான் சரி. அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஓட்டல் வேலையில் மனஉறுதி வேண்டும் என்று எல்லா முதலாளிகளும் சொல்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது, எவ்வளவு திட்டினாலும் வாய் திறக்காத ஆளை. அப்படி வாய் திறக்காமல் ஐந்து வருடம் நின்று, ஆறாம் வருடம் ஒரு பிற்பகலில் தட்டை வீசியெறிந்துவிட்டு வெளியே போன மாஸ்டர்களை நான் பார்த்திருக்கிறேன். விழுங்கியது எல்லாம் செரித்துவிடுவதில்லை.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் யாரையும் உடைப்பதில்லை. அது தினமும் வருவது, கைகளுக்குப் பழகியது. கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் மதுரை ஓட்டல்களில் நிற்க இடமிருக்காது. ஆனால் அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே அரிசியும் ஆட்களும் தயாராக இருக்கும். ஆளை நிலைகுலைய வைப்பது வேறு வகை. பிற்பகல் மூன்றரை மணிக்கு, மதியச் சாப்பாடு முடிந்து டிபன் இன்னும் தொடங்காத வேளையில், சுற்றுலாப் பேருந்திலிருந்து 50 பேர் இறங்குவது. மாவு அரைபடும்போது கிரைண்டர் மோட்டார் கருகுவது. தோசை மாஸ்டர் செல்பேசியை அணைத்து வைத்துவிடுவது. கூடம் நிறைந்திருக்கும் நேரத்தில் ஆன்லைன் ஆர்டர்கள் ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து வந்து குவிவது. வெளியே டெலிவரி செய்யும் தம்பிகள் நேரமாகிறது என்று பார்சல் மேசையைத் தட்டுவது. பாவம், அவர்களுக்கும் அவர்கள் நெருக்கடி.

இப்படி ஒன்று நடக்கும்போது உடம்புக்குள் என்ன ஆகிறது என்பதை வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டவுடன் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, கவனம் ஒரே புள்ளியில் குவிந்து மற்றதெல்லாம் மங்கிவிடுகிறது. சிலர் எதிர்த்துப் பேசுவார்கள், சிலர் ஓடுவார்கள், சிலர் உறைந்து நிற்பார்கள். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று நம் பாட்டிமார் சொன்னது இந்த மூன்றாவதைத்தான். இது கோழைத்தனமும் இல்லை, சோம்பலும் இல்லை. உறைந்து நிற்பவனைத் திட்டினால் இன்னும் உறைவான்.

அதனால் நான் கற்றுத்தரும் முதல் பாடம், கையில் இருப்பதைக் கீழே வைப்பது. வாளியோ தட்டோ கரண்டியோ, எதுவாக இருந்தாலும் அருகில் உள்ள மேசையில் வைத்துவிட வேண்டும். சூடான பொருளோடு நடுங்கும் கை இன்னொரு விபத்தைச் செய்யும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒரு பொருளைக் கீழே வைப்பது என்ற சிறு வேலையைச் செய்துவிட்டால் உறைந்த உடம்பு இளகத் தொடங்குகிறது. பிறகு மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். நான்கு எண்ணும்வரை இழுத்தால் ஆறு எண்ணும்வரை விடலாம். மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு தணியும். இரண்டு முறை செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. கத்திக்கொண்டிருப்பவர் எதிரிலேயே, அவருக்குத் தெரியாமலே செய்யலாம்.

அடுத்ததுதான் நான் மிகவும் நம்பும் பழக்கம். அதற்கு "கைமாற்று" என்று பெயர் வைத்திருக்கிறோம். பத்திரம் இல்லாமல், வட்டி இல்லாமல், தெரிந்தவரிடம் அவசரத்துக்கு வாங்கி, முடிந்தபோது திருப்பித் தரும் பணத்துக்கு நம் ஊரில் வழங்கும் பெயர் அது. தன்னால் முடியவில்லை என்று உணரும் சப்ளையர் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். பக்கத்தில் இருப்பவர், ஏன் எதற்கு என்று கேட்காமல், அந்த மேசையைத் தான் எடுத்துக்கொள்ள வேண்டும். போனவர் முகம் கழுவி, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் வந்து, தனக்குக் கைகொடுத்தவருடைய மேசையைப் பார்க்க வேண்டும். இதை யாரும் பிறகு கேலி பேசக் கூடாது. தொடங்கும்போது பல முதலாளிகள் தயங்கினார்கள். எல்லோரும் இதைச் சாக்காக வைத்து நழுவுவார்கள் என்றார்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலானவர்கள் மாதத்துக்கு ஒரு முறைகூடச் சொல்வதில்லை. சொல்லலாம் என்ற உரிமை இருப்பதே பாதித் தெம்பைத் தருகிறது.

மூன்றரை மணிக்குக் கூடம் காலியாக இருக்கும்போது 15 நிமிடம் ஒத்திகை பார்ப்போம். ஒரு நாளைக்கு ஒரே நிலைமை. "கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. யார் என்ன செய்வீர்கள்?" ஒருவர் கல்லாவுக்கு விளக்கோடு போவார், ஒருவர் வாடிக்கையாளரிடம் பேசுவார், ஒருவர் அடுப்படியில் நிற்பார். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது; சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியேற்றி, வெளியே போன பிறகு கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழைக்க வேண்டும். எண்ணெய் தெறித்துக் கை வெந்தால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும்; பற்பசை, மாவு, மை எதுவும் தடவக் கூடாது. சாப்பிடுபவருக்குத் தொண்டையில் அடைத்து மூச்சு நின்றால், முன்னால் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். இவற்றை வாயால் சொல்லித் தருவதில் பயனில்லை. செய்து பார்த்த கைக்குத்தான் அந்த நேரத்தில் நினைவு இருக்கும்.

இப்போது புதிதாக ஒரு நெருக்கடி வந்திருக்கிறது. சட்னியில் முடி இருந்தது, பில்லில் தவறு என்று ஏதோ ஒன்று. வாடிக்கையாளர் செல்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கிவிடுகிறார். அவர் குறை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படத்தில் மாட்டுவது, அந்தச் சட்னியை அரைக்காத, அந்தப் பில்லைப் போடாத ஒரு சப்ளையரின் முகம். தன் ஊரில் அம்மாவும் தங்கையும் இதைப் பார்ப்பார்களே என்ற நினைப்பு அவனைத் தூங்கவிடாது. என் அறிவுரை இதுதான்: செல்பேசியைத் தடுக்காதே, பிடுங்காதே, வாதாடாதே. "மன்னிக்கவும், உடனே மாற்றித் தருகிறேன், பொறுப்பாளரை அழைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர். அதன் பிறகு அந்தக் கேமரா முன்னால் நிற்க வேண்டியவர் மேலாளர். அதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம். படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் வாடிக்கையாளராக இருந்தால் ஒரு வேண்டுகோள்: குறையைப் படம் எடுங்கள், தட்டை எடுங்கள், பில்லை எடுங்கள், அந்தப் பையனின் முகத்தை விட்டுவிடுங்கள்.

வடக்கிலிருந்து வந்து வேலை செய்பவர்களுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. பிஹார், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தோ வந்தவன், "ரெண்டு கல் தோசை, ஒண்ணு முறுகல்" என்பதில் பாதியைத்தான் பிடிக்கிறான். தவறாகக் கொண்டுவந்தால் வசவு. அந்த வசவும் புரியாது. குரலின் சூடு மட்டும் புரியும். முதல் வாரத்தில் அவர்களுக்குப் பத்துத் தமிழ் வாக்கியங்கள் சொல்லித் தருவோம். அவற்றில் ஒன்று, "கொஞ்சம் பொறுங்கள், கேட்டு வந்து சொல்கிறேன்." அந்த வாக்கியம் எத்தனை சண்டைகளைத் தவிர்த்திருக்கிறது என்பது கூடத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு முதலாளிகளிடம் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பசியோடும் தூக்கமில்லாமலும் இருப்பவனுக்கு எந்தப் பயிற்சியும் ஒட்டாது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, காலை டிபன் முடித்து, மதியப் பந்தி முழுவதும் நின்று பரிமாறி, மூன்று மணிக்கு மேல் ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுபவனிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நான் பயிற்சி தரும் இடங்களில் பணியாளர் சாப்பாட்டை 11 மணிக்கு மாற்றச் சொல்கிறேன். மாற்றிய இடங்களில், மதிய நேரத்தில் சப்ளையருக்கும் மாஸ்டருக்கும் நடக்கும் வாய்ச்சண்டை குறைந்ததை என் கண்ணால் கண்டேன். தமிழ்நாட்டில் உணவகப் பணியாளர்களுக்கென்றே 1958-இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. வேலை நேரமும் வார விடுமுறையும் அதிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. வார விடுமுறையை யாரோ தரும் சலுகை என்று நினைக்கிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

அடுப்படியில் இன்னொன்று நடக்கிறது. இரவு 11 மணிக்கு அடுப்பை அணைத்தபின், உடம்பு வலிக்கு என்று தொடங்கும் குடி, பிறகு தூக்கத்துக்கு என்றாகி, பிறகு காலையில் கை நடுங்காமல் இருப்பதற்கு என்று வந்து நிற்கிறது. எத்தனையோ நல்ல கைப்பக்குவம் இப்படி அழிந்திருக்கிறது. தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கம் இல்லை, காரணமின்றி அழுகை வருகிறது, வேலைக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசைகிறது, வாழ்வதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால், மனஉறுதியைப் பற்றிப் பேசும் கட்டம் தாண்டிவிட்டது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், இந்தியிலும் பேசலாம். நான் போகும் ஓட்டல்களில் இந்த எண்ணைக் கை கழுவும் இடத்துக்கு மேலே, பணியாளர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டச் சொல்கிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு, நான் பயிற்சி தந்த ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். ஆறாம் எண் மேசையில் ஒரு குடும்பம், பரோட்டா தாமதமாகிவிட்டது. குடும்பத் தலைவர் குரலை உயர்த்தினார். நின்றுகொண்டிருந்தவன் ஜார்க்கண்ட் பையன், வந்து நான்கு மாதமாகிறது. கையிலிருந்த இரண்டு தட்டுகளையும் பக்கத்து மேசையில் வைத்தான். தோள்கள் ஒரு முறை ஏறி, மெல்ல இறங்கின. "கொஞ்சம் பொறுங்கள் சார், கேட்டு வந்து சொல்கிறேன்" என்றான். அவர் மேலும் கத்தவே, கல்லாவைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, கைமாற்று" என்றான்.

கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து ஆறாம் மேசைக்கு முன்னால் நின்றார். பையன் பின்கட்டுக்குப் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் ஈர முகத்தோடு வந்து, பக்கத்து மேசையில் வைத்த தட்டுகளை எடுத்துக்கொண்டு, "இது எத்தனாம் மேசைக்கு அண்ணே?" என்று கேட்டான்.