வல்வோடினியா: சொல்லும் பொருளும்

பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பில், இன்ன காரணம் என்று சுட்ட முடியாமல் 3 மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் வலிக்கு வல்வோடினியா என்று பெயர். எரிச்சல், காந்தல், ஊசி குத்துவது மாதிரி என்று ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார். சிலருக்கு நாள் முழுக்க இருக்கும். சிலருக்கு உடலுறவின்போது, டாம்பன் (மாதவிடாயின்போது உள்ளே வைக்கும் பஞ்சு) வைக்கும்போது, இறுக்கமான உடை அழுத்தும்போது மட்டும் வரும்.

சொல்லைப் பிரித்தால் லத்தீன் 'வல்வா', கிரேக்க 'ஒடினே'. வல்வா லத்தீனில் முதலில் கருப்பையைக் குறித்தது. பிறகுதான் வெளியுறுப்புக்கு வந்தது. ஒடினே என்றால் வலி. நாக்கு எரிச்சலைக் குறிக்கும் கிளாசோடினியாவிலும் இதுதான் இருக்கிறது. ஆக, இந்தச் சொல் வலியைச் சொல்கிறது, வலிக்கும் இடத்தைச் சொல்கிறது. காரணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இது தற்செயலாக அமைந்ததல்ல. யோனியின் வாயைச் சுற்றியுள்ள பகுதியில் மட்டும் வரும் வலியை 1987-இல் 'வெஸ்டிபுலைடிஸ்' என்றார்கள். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி, அதாவது திசு சிவந்து வீங்குவது. ஆனால் வலிக்கு வேர் அழற்சிதான் என்று நிறுவ முடியவில்லை. அதனால் 2003-இல், வல்வா, யோனி நோய்களை ஆராயும் சர்வதேசச் சங்கம் அந்தப் பெயரைக் கைவிட்டது. இப்போதுள்ள வரையறை 2015-இல் ஒப்புக்கொள்ளப்பட்டது.

தமிழில் இதை 'யோனி அழற்சி' என்று எழுதினால் இரண்டு தவறு. யோனி உள்ளே இருக்கும் குழாய்; வல்வா வெளியே இருப்பது. அழற்சி என்பதோ, மருத்துவமே விலக்கிவிட்ட காரணத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது. பெயர் தவறினால் மருந்தும் தவறும். பரிசோதனையே இல்லாமல் பூஞ்சைத் தொற்று என்று முடிவு செய்து, களிம்பு மாற்றிக் களிம்பு தடவி அவதிப்படும் பெண்கள் உண்டு. தலைநோவு, வயிற்றுநோவு என்று நமக்குப் பழகிய சொல் இருக்கிறதே! காரணம் சொல்லாமல் வலியை மட்டும் சொல்வது அது. 'புறவுறுப்பு நோவு' என்பதே என் தேர்வு. நோயாளியிடம் விளக்கும்போது 'வெளியுறுப்பில் நாள்பட்ட வலி' என்றாலே போதும்.

இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. தொற்று, தோல் நோய் போன்றவற்றை விலக்கிய பிறகு, மருத்துவர் ஈரப் பஞ்சுக் குச்சியால் யோனி வாயைச் சுற்றி, கடிகார முள் நகர்வதுபோல் ஒவ்வொரு புள்ளியாக மெல்லத் தொடுவார். ஒவ்வொரு தொடுதலுக்கும் வலி 0 முதல் 10 வரை எவ்வளவு என்று அந்தப் பெண் சொல்ல வேண்டும். பஞ்சு பட்டதற்கே 8 என்று வந்தால் அது மிகையல்ல, நடிப்பும் அல்ல. அங்குள்ள நரம்புகள் கூருணர்வு அடைந்திருக்கின்றன.

வலிக்குப் பயந்து, இடுப்பின் அடியில் உறுப்புகளைத் தாங்கும் இடுப்புத்தளத் தசை இறுகுகிறது. இறுகிய தசை வலியைக் கூட்டுகிறது. அப்புறம் தொடுதலை நினைத்தாலே பயம். இப்படி நரம்பு, தசை, மனம் மூன்றும் பின்னிக்கிடப்பதால்தான் கூட்டுச் சிகிச்சை பேசப்படுகிறது. கண்ட மாத்திரைகளையும் சேர்த்து விழுங்குவது என்று இதற்குப் பொருளில்லை. இறுகிய தசையைத் தளர்த்தப் பழக்கும் இயன்முறை சிகிச்சை, வலி பற்றிய பயத்தைக் குறைக்கும் உளவியல் சிகிச்சை, தேவைப்பட்டால் மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் களிம்பு அல்லது அமிட்ரிப்டிலின் போன்ற நரம்புவலி மருந்து என்று ஆளுக்குத் தகுந்தபடி இணைப்பார்கள். கனடாவில் 212 பெண்களிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், தொடுதலால் வரும் வலிக்கு, இரவில் லிடோகைன் தடவுவதைவிடப் பல கூறுகள் கொண்ட இயன்முறை சிகிச்சை நல்ல பலன் தந்தது. மருந்துகள் மட்டும் என்று பார்த்தால் சான்று அவ்வளவு வலுவாக இல்லை.

வலி யோனி வாயைச் சுற்றி மட்டும் இருந்து, மற்ற எதற்கும் அடங்காவிட்டால், அந்தத் திசுவை அகற்றும் அறுவை சிகிச்சையும் உண்டு. பொதுவாக அந்த அறுவையைக் கடைசி வழியாகத்தான் வைத்திருப்பார்கள்.