ஆறாயிரம் படங்களில் ஒரு கொசு

தலையில் உயரத் தொப்பி, கையில் பெட்டி. கதவுக்கு மேலே உள்ள சின்னத் திறப்பின் வழியாக ஒரு ராட்சதக் கொசு அறைக்குள் நுழைகிறது. கட்டிலில் ஒருவர் தூங்குகிறார். கொசு தன் ஊசிமூக்கைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. 1912இல் வெளிவந்த ‘ஹவ் எ மஸ்கீட்டோ ஆபரேட்ஸ்’ என்ற அமெரிக்க ஊமை அனிமேஷன் படத்தின் கதை கிட்டத்தட்ட இவ்வளவுதான். வரைந்தவர் பத்திரிகை ஓவியர் வின்சர் மெக்கே. அவர் 1914இல் உயிர்கொடுத்த டைனோசர் கெர்ட்டியைப் பலருக்குத் தெரியும். கொசுவை அவ்வளவாக யாரும் கண்டுகொள்வதில்லை.

படத்துக்காக அவர் வரைந்தவை சுமார் 6,000 ஓவியங்கள். விநாடிக்கு 16 வீதம் ஓடவிட்டால் ஆறு நிமிடத்துக்குச் சற்று மேலே வரும். ஓர் ஓவியத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் சிறிதாக இருந்தால், இடையில் விட்டுப்போனதை நம் மூளையே இட்டு நிரப்பி அசைவாகக் காண்கிறது. இடைவெளி கூடினால் வேகம், குறைந்தால் நிதானம். ஆக, அசைவை வரைகிறவர் உண்மையில் அளந்து வரைவது இந்த இடைவெளியைத்தான்.

மெக்கேயின் கைவண்ணம் கொசுவின் வயிற்றில் தெரிகிறது. ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் வயிறு கொஞ்சம் கொஞ்சமாக உப்புகிறது. உப்ப உப்பக் கொசுவுக்குப் பாரம் கூடுகிறது. முதலில் சுளுவாகப் பறந்த பூச்சி பிறகு எழும்பவே திணறுகிறது. வெறும் கோட்டுக்கு எடை ஏது? ஆனாலும் அந்தத் திணறலைப் பார்த்ததும், வயிற்றில் இரத்தம் தளும்புவதாக நம்பிவிடுகிறோம். போதாததற்கு, நடுவில் நம்மைப் பார்த்துக் கையசைக்கும் திமிர் வேறு!

குறையும் அதே உழைப்பிலிருந்துதான் பிறக்கிறது. மெல்லிய ரைஸ் பேப்பரில் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும். எவ்வளவு கைதேர்ந்தவர் வரைந்தாலும் ஒரு கோடு மயிரிழை விலகும். அதனால் அசையக்கூடாத கோடுகளும் குளிரில் நடுங்குவதுபோல நடுங்குகின்றன. பின்னணியை ஒரே முறை வரைந்து, அதன்மேல் கண்ணாடிபோன்ற செல்லுலாய்டு தாளில் கதாபாத்திரத்தை மட்டும் மாற்றி வைக்கும் முறைக்கு ஏர்ல் ஹர்ட் காப்புரிமை கோரியது 1914இல்தான்.

நடுக்கத்தையாவது ரசிக்கலாம், எனக்குப் பொறுமை போவது வேறிடத்தில். குத்துவதும் அந்த மனிதர் விரட்டுவதும் திரும்பத் திரும்ப வருகின்றன. கொசுவுக்கு இருக்கும் குணச்சித்திரத்தில் கால்வாசிகூட அவருக்கு இல்லை. இன்னொன்று: இரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே. மெக்கேயோ அந்தக் காலத்து ஆண்களின் தொப்பியை அல்லவா மாட்டிவிட்டிருக்கிறார்!

அந்தக் கொசுவுக்குப் போதும் என்று சொல்லத் தெரியவில்லை. அத்தனை பாடுபட்டு ஊதிய வயிறு, கடைசி உறிஞ்சலில் வெடித்துவிடுகிறது.