வேல்யூ பெட்: அதற்கான தமிழ்ச் சொல் வாசி

ஐபிஎல் தொடங்கிவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பையன்களின் பந்தயப் பேச்சில் ‘வேல்யூ’ என்ற சொல் அடிக்கடி வந்து விழுகிறது. “இன்னைக்குச் சென்னை நல்ல வேல்யூ”, “இந்த ரேட்டுக்கு வேல்யூ இல்லடா”, “வேல்யூ பெட் வேணும்னா குரூப்ல சேரு”. கேட்கிறவர்களில் பாதிப் பேர் இதை ‘கண்டிப்பாக ஜெயிக்கும்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். குரூப் நடத்துகிறவர்களும் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சொல்லுக்கு வெற்றி என்ற பொருள் எந்த இடத்திலும் கிடையாது. தோற்கப்போகும் அணியின் மீதும் வேல்யூ இருக்கலாம், ஜெயிக்கப்போகும் அணியின் மீது துளியும் இல்லாமல் போகலாம்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் ‘ஆட்ஸ்’ என்ன என்று பார்க்க வேண்டும். ஆட்ஸ் என்பது ஒரு விலை. ஓர் அணிக்கு 2.40 என்று போட்டிருந்தால், 100 ரூபாய் கட்டி அந்த அணி ஜெயித்தால் கட்டிய பணத்தையும் சேர்த்து 240 ரூபாய் திரும்பி வரும். நம் ஊர்ப்பக்கத் தரகர்கள் பைசாக் கணக்கில் சொல்வார்கள். 40 பைசா என்றால் ரூபாய்க்கு 40 பைசா லாபம், அதாவது 1.40. எந்த முறையில் சொன்னாலும் அந்த விலைக்குள் ஒரு வாய்ப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. 1ஐ அந்த விலையால் வகுத்தால் அது வெளியே வந்துவிடும். 2.40க்கு 41.7 சதவீதம், 1.40க்கு 71.4 சதவீதம். 2.40 என்று விலை போட்டவர் சொல்லாமல் சொல்வது இதைத்தான்: இந்த அணி நூற்றில் ஏறக்குறைய 42 தடவை ஜெயிக்கும்.

இப்போது நம் கணிப்பில் அந்த அணிக்கு 45 சதவீதம் வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 0.45ஐ 2.40ஆல் பெருக்கினால் 1.08. நம் கணிப்பு சரியாக இருந்தால், நீண்ட காலச் சராசரியில் 100 ரூபாய்க்கு 8 ரூபாய் கூடுதல். இந்த 8தான் வேல்யூ. உண்மையான வாய்ப்பு 40 சதவீதம்தான் என்றால் பெருக்கிவரும் தொகை 0.96. அதே அணி, அதே விலை, ஆனால் 100க்கு 4 ரூபாய் போகிறது. வேல்யூ அணியிடம் இல்லை. விலைக்கும் உண்மைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது.

இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘மதிப்பு’ என்று போட்டுவிடுகிறார்கள். வேல்யூ என்ற சொல் லத்தீனில் ‘வலிமையாய் இரு, பெறுமானம் உடையதாய் இரு’ என்ற பொருள் கொண்ட வலேரே என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பொதுவாக அதற்கு மதிப்பு என்பது சரியான சொல்தான். பந்தயத்தில் அது பொருந்தாது. மதிப்பு ஒரு பொருளுக்கு உரியது, இங்கே பேசப்படுவது இரண்டு மதிப்புகளுக்கு இடையிலான வித்தியாசம். ‘மதிப்புமிக்க பந்தயம்’ என்று படித்தவர் அது சிறந்த பந்தயம், ஜெயிக்கும் பந்தயம் என்றுதான் நினைப்பார். பையன்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்த வித்தியாசத்துக்குத் தமிழில் வெகு காலமாக ஒரு சொல் இருக்கிறது: வாசி.

“அந்தக் கடைக்கு இந்தக் கடை எவ்வளவோ வாசி” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வாசி என்றால் வேறுபாடு, ஒன்றைவிட ஒன்று மேலாய் இருக்கும் அளவு. வணிகத்தில் இதற்கு இன்னும் துல்லியமான பொருள் உண்டு. ஒரு காசின் முகமதிப்புக்கும், தரம் பார்த்து அதற்குக் கடைத்தெருவில் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் வாசி. திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் சம்பந்தருக்கும் அப்பருக்கும் தினம் ஒவ்வொரு காசு கிடைத்த கதை தெரிந்ததுதான். அப்பரின் காசு அப்படியே செல்லுபடியானது. சம்பந்தரின் காசைக் கடைக்காரர்கள் வட்டம் கழித்துத்தான் வாங்கினார்கள், அதனால் அவர் மடத்தில் சமையல் தாமதமானது. அப்போது பாடிய பதிகம்தான் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று தொடங்குகிறது. ஏழாம் நூற்றாண்டில் சந்தைக்கணக்கு இவ்வளவு தெளிவாக ஒரு பாட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். எழுதியிருக்கும் விலை ஒன்று, உண்மையான பெறுமானம் ஒன்று, இடையில் உள்ளது வாசி. வேல்யூ பெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆகவே வேல்யூ பெட் என்பது வாசிப் பந்தயம். ‘வாசி உண்டு, வாசி இல்லை, வாசி குறைந்துவிட்டது’ என்று வினையோடும் இயல்பாகச் சேர்கிறது.

ஆட்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. பழைய நார்ஸ் மொழியில் ‘ஒட்டி’ என்றால் முனை, முக்கோணம், ஜோடி சேராத மூன்றாவது எண். அதிலிருந்து ஒற்றைப்படை, பிறகு சமமின்மை, வேறுபாடு, கடைசியில் பந்தய விலை. இருந்தாலும் ஆட்ஸுக்குத் தமிழில் ‘பந்தய விலை’ போதும். வாசியை அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

சம்பந்தர் கதையில் வந்த வட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. காசு மாற்றும்போது மாற்றித் தருகிறவர் கழித்துக்கொள்ளும் தொகை வட்டம். வட்டியும் வட்டமும் உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டும் புழங்கிய செட்டிநாட்டில் இந்தச் சொல்லை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத காலம் ஒன்று இருந்தது. ரங்கூனில் நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் வட்டிக் கடைகள் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தன. கடன் வாங்குகிறவரின் நாணயத்தையும் ஈட்டையும் பார்த்து அதற்குமேல் கூட்டி வைத்தார்கள். அபாயத்துக்கு விலை போடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

பந்தயத்தில் வட்டம் எங்கே என்றால், விலைப் பட்டியலிலேயே இருக்கிறது. டாஸ் யாருக்கு என்ற பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சரிபாதி, நியாயமான விலை 2.00. ஆனால் பட்டியலில் இரண்டுக்கும் 1.90தான் இருக்கும். 1.90க்கு 52.6 சதவீதம், இரண்டையும் கூட்டினால் 105.3. நூறுக்கு மேல் நிற்கும் அந்தப் பகுதி பந்தய நிறுவனத்தின் வட்டம். கால்பந்தில் வெற்றி, சமன், தோல்வி மூன்றுக்கும் 2.10, 3.40, 3.60 என்று விலை இருந்தால் கூட்டுத்தொகை 104.8. இதைக் கூட்டிப் பார்க்காமல் யாரும் வாசியைப் பற்றிப் பேச முடியாது. நம் கணிப்பு விலைக்காரரின் கணிப்பைவிடச் சரியாக இருந்தால் மட்டும் பத்தாது, இந்த வட்டத்தைத் தாண்டும் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும்.

நாலைந்து பந்தயத்தை ஒன்றாகக் கோப்பதில்தான் வட்டம் பூதாகரமாகிறது. 1.90 விலையில் நான்கு சரிபாதிப் பந்தயங்களைக் கோத்தால் ஏறக்குறைய 13 மடங்கு கிடைக்கும். நியாயமாகக் கிடைக்க வேண்டியது 16 மடங்கு. ஒரு பந்தயத்தில் 5 சதவீதமாக இருந்த கழிவு இங்கே 18.5 சதவீதம் ஆகிவிடுகிறது. “நூறு ரூபாய்க்கு ஆயிரத்து முந்நூறு” என்று விளம்பரம் செய்வதும் இதைத்தான்.

சரி, வாசி எந்தச் சந்தையில் கிடைக்கும்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடை முகப்பில் நிற்கும் பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி இவற்றின் விலையில் யாராலும் வாசி காண முடியாது. நூறு வியாபாரிகள் பார்த்து, பேசி, படிந்த விலை அது. உள்ளே மூலையில் தூசியோடு அடுக்கிவைத்த எனாமல் அடுக்குகளைத் தூக்கி, கவிழ்த்து, அடியில் உள்ள முத்திரையைப் பார்ப்பவருக்கு எப்போதாவது ஒன்று அகப்படும். கடைக்காரர் எல்லாத் தட்டுக்கும் ஒரே விலை சொல்லியிருப்பார், அதில் ஒன்று மட்டும் வேறு நாட்டு வேலையாக இருக்கும். ஆனால் அது ஒன்றுதான் கிடைக்கும், நூறு கிடைக்காது.

விளையாட்டிலும் அப்படியே. உலகக் கோப்பை ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்ற சந்தையில் வட்டம் குறைவு, ஆனால் உலகமே பார்த்துப் படிந்த விலை. வாசி அநேகமாக இருக்காது. இரண்டாம் தரக் கால்பந்து லீக், ஒரு குறிப்பிட்ட பந்துவீச்சாளர் எடுக்கும் விக்கெட் எண்ணிக்கை, மொத்த கோல் இவ்வளவுக்கு மேலா கீழா என்பன போன்ற சிறு சந்தைகளில் விலை போடுகிறவரின் கவனம் குறைவு. அங்கே தவறு நுழைய இடம் உண்டு. பதிலுக்கு வட்டத்தைக் கூட்டி வைப்பார்கள், பெரிய தொகையும் ஏற்க மாட்டார்கள். தொடர்ந்து ஜெயிக்கிறவரின் கணக்குக்கு வரம்பு போட்டுவிடுவதும் வெளிநாட்டு நிறுவனங்களில் வழக்கம். தொடரை வெல்வது யார் என்ற நீண்ட காலச் சந்தையில் வட்டம் இன்னும் அதிகம், ஏனென்றால் பத்துப் பதினைந்து அணிகளின் விலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்திருப்பார்கள். அதிலும் ஜெயிக்க வாய்ப்பே இல்லாத அணிகளின் விலை அவற்றின் உண்மை நிலைக்கு மிகக் குறைவாக இருக்கும். 1949லேயே குதிரைப் பந்தயத்தில் இதைக் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார்கள். குறைந்த பணத்தில் பெரிய கனவு காண்பதற்கு ஆட்கள் எப்போதும் இருப்பதால் அந்த விலை திருந்துவதில்லை.

ஒருவருக்கு உண்மையில் வாசி தெரிகிறதா, அல்லது அதிர்ஷ்டம் அடிக்கிறதா என்று பார்க்கத் தொழில்முறை ஆட்கள் வைத்திருக்கும் சோதனை, கடைசி விலை. ஆட்டம் தொடங்கும் நொடியில் நிற்கும் விலையில் அதுவரை வந்த எல்லாச் செய்தியும் கலந்திருக்கும். 2.40க்குக் கட்டியது தொடக்கத்தில் 2.20 ஆகியிருந்தால் அவர் சந்தைக்கு முந்திவிட்டார். இப்படி நூற்றுக்கணக்கான பந்தயங்களில் திரும்பத் திரும்ப நடந்தால்தான் அது திறமை. ஆட்டத்தில் தோற்றாலும் இந்தக் கணக்கு மாறாது. குரூப்பில் ‘நேற்று நாலுக்கு நாலு’ என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர் யாராவது கடைசி விலையைப் போட்டு நான் பார்த்ததில்லை.

எவ்வளவு கட்டுவது என்பதற்கு பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956இல் ஒரு சூத்திரம் தந்தார். வாசியை, விலையில் ஒன்று கழித்துவரும் எண்ணால் வகுக்க வேண்டும். நம் உதாரணத்தில் 0.08ஐ 1.40ஆல் வகுத்தால் 5.7 சதவீதம். கையிருப்பில் அவ்வளவுதான் வைக்கலாம். இதில் பயங்கரம் என்னவென்றால், உண்மை வாய்ப்பு 45க்குப் பதில் 42 என்றால் வைக்க வேண்டியது 0.6 சதவீதம்கூட இல்லை. கணிப்பில் மூன்று புள்ளி பிசகினால் பத்து மடங்கு அதிகமாக வைத்துவிடுகிறோம். அதனால்தான் இதைப் பயன்படுத்துகிறவர்கள் பாதியோ கால்வாசியோதான் வைக்கிறார்கள். கணிப்பு அச்சொட்டாகச் சரியாகவே இருந்தாலும், 45 சதவீத வாய்ப்பில் அடுத்த ஐந்து பந்தயமும் தோற்பதற்கு இருபதில் ஒரு பங்கு இடம் உண்டு. ஐந்து தோல்விக்குப் பிறகு விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகக் கட்டுகிற பிள்ளையிடம் வாசி என்ற பேச்சே எடுபடாது.

வைக்கிற தொகைக்குத் தமிழில் பணயம் என்ற நல்ல சொல் இருக்கிறது. வடமொழியில் பண என்றால் சூதில் வைக்கும் பொருள், காசு இரண்டும். பணயம் என்பதற்கு அடகு என்ற பொருளும் உண்டு. பந்தயமோ தெலுங்கில் பந்தெமு, மலையாளத்தில் பந்தயம் என்று தெற்கு முழுக்கப் பரவிய சொல். செட்டிநாட்டு வழக்கில் அது முதலில் போட்டியையே குறிக்கும். திருவிழாவில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, போகவர இத்தனை மைல் என்று ஓட்டும் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பரிசுதான் உண்டு, யாரும் பணயம் வைத்தாக வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை நாம் எழுத்தில் காப்பாற்ற வேண்டும். பந்தயம் என்பது போட்டி, பணயம் என்பது அதில் வைக்கும் தொகை. இன்னொன்று: சூதாடும் இடத்துக்குப் பழந்தமிழில் கழகம் என்று பெயர். குறளின் சூது அதிகாரத்தில் அந்தப் பொருளில்தான் வருகிறது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு 2022இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்கிறது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வதும் பணம் கைமாற உதவுவதும் குற்றம். மேலே சொன்ன கணக்கெல்லாம் அனுமதி உள்ள நாடுகளின் சந்தைக்கு உரியது. இங்கே சட்டத்துக்கு வெளியே இருக்கும் செயலியில், கணக்கு சரியாக இருந்து ஜெயித்தாலும் பணம் தராவிட்டால் போய்க் கேட்க இடமில்லை. அந்த அபாயத்தையும் விலையில் சேர்த்தால் 8 சதவீத வாசி எங்கே நிற்கும் என்று குரூப்பில் சேரச் சொல்கிறவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

வாசி என்ற சொல்லை எடுத்துக்கொள்வதில் சின்னச் சிக்கல் ஒன்று உண்டு. புத்தகத்தைப் படி என்ற பொருளில் வரும் வாசியும், சித்தர் வழக்கில் மூச்சைக் குறிக்கும் வாசியும் ஒரே எழுத்தில்தான் வருகின்றன. குதிரைக்கும் வாசி என்று பெயர், அது வடமொழி வாஜியிலிருந்து வந்த வேறு சொல். குதிரைப் பந்தயத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் குழப்பம் வரலாம். அங்கே ‘விலைவாசி’ என்று எழுதலாமா என்றால், அந்தச் சொல்லை ஏற்கெனவே மளிகைக் கடையும் செய்தித்தாளும் எடுத்துக்கொண்டுவிட்டன. ‘பந்தய வாசி’ என்று சேர்த்து எழுதினால் போதும்.