அத்லெட்டிக் டைரக்டர்: தடகள இயக்குநர் அல்லர்

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுச் செய்திகள் தமிழுக்கு வரும்போதெல்லாம், ‘அத்லெட்டிக் டைரக்டர்’ என்பதன் பெயர்ப்பாக ‘தடகள இயக்குநர்’ என்றொரு பதவியும் தவறாமல் கூடவே வருகிறது. ‘கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் பின்னர் தடகள இயக்குநரானார்’ என்று படிப்பவர், பந்தை விட்டுவிட்டு ஒருவர் ஓட்டப்பந்தயத்தின் பக்கம் போய்விட்டார் என்றுதான் எண்ணுவார்.

‘ஆத்லான்’ என்பது கிரேக்கத்தில் போட்டியில் வெல்லும் பரிசு. அதற்காகப் போட்டியிடுபவர் ‘ஆத்லீட்டீஸ்’. இன்ன போட்டி என்ற வரையறை மூலச் சொல்லில் இல்லை. பிற்காலத்தில் பிரித்தானிய ஆங்கிலம் ‘அத்லெட்டிக்ஸ்’ என்பதை ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றுக்குள் சுருக்கிக்கொண்டது. அமெரிக்க ஆங்கிலமோ எல்லா விளையாட்டுக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. நாம் கற்றது பிரித்தானிய வழக்கு என்பதால் நம் அகராதிகள் தடகளம் என்றன, அதில் தவறில்லை. ஓடுவதற்குத் தடம், எறிவதற்கும் தாண்டுவதற்கும் களம் என்று பொருள் துல்லியமாக அமைந்த நல்ல ஆக்கம் அது. அவ்வளவு துல்லியமாக இருப்பதனாலேயே, அமெரிக்கர்கள் ‘டிராக் அண்ட் ஃபீல்டு’ என்று சொல்லும் இடம் தவிர வேறெங்கும் அதை ஒட்டவைக்க முடியாது.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் வின்ஸ் டூலி இதற்கு நல்ல சான்று. 1963இன் இறுதியில், 31 வயதில், அங்கு அமெரிக்கக் கால்பந்துத் தலைமைப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டவர் அவர். 1964 முதல் 1988 வரை 25 பருவங்களில் 201 ஆட்டங்களை வென்றார்; 1980 பருவத்தில் ஓர் ஆட்டமும் தோற்காமல் தேசியப் பட்டத்தைப் பெற்றார். 1979இல் அத்லெட்டிக் டைரக்டர் பொறுப்பும் அவரிடம் வந்தது. சுமார் பத்தாண்டுகள் இரண்டையும் சேர்த்துச் சுமந்து, பயிற்றுநர் பணியை விட்ட பின்னும் 2004 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில் அங்கே பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி 1987இல் தேசியப் பட்டம் வென்றது. பெண்கள் நீச்சல் அணி 1999 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து வென்றது. ஜிம்னாஸ்டிக்ஸுக்குத் தடம் ஏது, நீச்சலுக்குக் களம் ஏது? தமக்குப் பின் கால்பந்துப் பயிற்றுநராக ரே காஃபை அமர்த்தியதும், 1995இல் அவரை நீக்கியதும், பிறகு ஜிம் டோனனையும், டோனன் போன பின் மார்க் ரிச்டையும் கொண்டுவந்ததும் டூலிதான். ஆளெடுப்பது, ஒப்பந்தம் போடுவது, ஆட்ட அட்டவணை, நுழைவுச்சீட்டு, நன்கொடையாளர், ஒளிபரப்பு வருவாய், கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு உரிய பங்கு என்று ஒரு நிறுவனத்தையே நடத்தும் வேலை அது. ஜார்ஜியாவில் விளையாட்டுக்கென்று தனிச் சங்கமே பதிவாகி இயங்குகிறது. இத்தனையையும் ‘தடகளம்’ என்ற சொல்லுக்குள் அடைக்கிறார்கள்.

இதை உணர்ந்த சிலர் ‘உடற்கல்வி இயக்குநர்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இது முன்னதைவிட மோசமாகப் படுகிறது. முன்னது அந்நியமாக ஒலித்தாவது எச்சரிக்கும், இது பழகிய சொல்லாக வந்து ஏமாற்றும். நம் கல்லூரிகளில் மாணவர்கள் ‘பி.டி. சார்’ என்று அழைப்பவர் உடற்கல்வி இயக்குநர். விசிலும் கையுமாக மைதானத்தில் நின்று, அணிகளைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, மண்டலப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்பவர் அவர். மதிப்புக்குரிய பணிதான், ஆனால் வேறு பணி. டூலி அந்தப் பதவியில் யாருக்கும் பயிற்சி கொடுக்கவில்லை. பயிற்சி கொடுப்பவர்களுக்கு மேலே இருந்தார். இலங்கை வழக்கிலுள்ள ‘மெய்வல்லுநர்’ அழகான சொல், ஆனால் அதுவும் ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்ற வட்டத்துக்குள்தான் புழங்குகிறது.

ஆகவே ‘விளையாட்டுத் துறை இயக்குநர்’ என்பதே என் முடிவு. இயக்குநர் என்றதும் திரைப்படம் நினைவுக்கு வருமே என்பார்கள். முன்னால் ‘துறை’ நின்றால் வராது, பள்ளிக் கல்வி இயக்குநரைப் படம் எடுப்பவர் என்று எவரும் எண்ணியதில்லை. ‘விளையாட்டுத் துறைத் தலைவர்’ என்றால் வரலாற்றுத் துறைத் தலைவரைப் போன்ற ஒரு பேராசிரியர் என்று படும். ‘இயக்குனர்’ என்று றன்னகரம் போடுவது வேறொரு நோய். ஓட்டுநர், பெறுநர் போல இதிலும் ‘நர்’தான் விகுதி.

கூட வரும் சொற்களையும் கவனிக்க வேண்டும். ‘பயிற்சியாளர்’ என்ற சொல்லைப் பயிற்சி கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஒருசேர ஆள்கிறார்கள். பயிற்றுநர் என்றால் ஐயமில்லை. ‘கால்பந்து’ என்று மட்டும் எழுதினால் உலகக் கோப்பை ஆட்டம் என்றே படும். முதல் இடத்திலாவது ‘அமெரிக்கக் கால்பந்து’ என்று எழுதிவிடலாம். மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு அடுத்த வரிக்கு ஓடுகிறார்களே தவிர, அந்த மனிதர் காலையில் அலுவலகம் போய் என்ன செய்கிறார் என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வதில்லை.

இயக்குநருக்குக் கீழே உள்ளவர்களிடம் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘டெபுடி’ என்பவர் பொதுவாக இரண்டாம் நிலையில் இருப்பவர். ‘அசோசியேட்’ அவருக்குக் கீழே, ‘அசிஸ்டன்ட்’ அதற்கும் கீழே. நம் அரசுத் துறைகளிலோ இணை இயக்குநர் மேலே, துணை இயக்குநர் அடுத்து, உதவி இயக்குநர் அதற்கும் அடுத்து. வழக்கப்படி டெபுடியைத் துணை என்றும் அசோசியேட்டை இணை என்றும் எழுதினால், தமிழில் படிப்பவருக்குக் கீழே இருப்பவர் மேலே ஏறிவிடுவார். இங்கு மட்டுமாவது டெபுடிக்கு இணை என்றும் அசோசியேட்டுக்குத் துணை என்றும் மாற்றி எழுத வேண்டும்.